கையில் ஒரு பகல்தான்: கொடையில் வில்லா, படுகளத்தில் கூத்தா?

காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு சின்ன ஊர்க் கோயிலில் உட்கார்ந்து நாட்டுப்புறப் பாட்டை நேரில் கேட்க வேண்டும். தெற்கே போனால் ஊர்ச் சாமிக்கு எடுக்கும் கொடை விழாவில் வில்லுப்பாட்டு, வடக்கே போனால் மகாபாரதக் கதையை ஒட்டி நடக்கும் பாரத விழாவில் தெருக்கூத்து. பாட்டுக்காகவே போகிறவர்களை நான் தெற்கேதான் அனுப்புவேன்.

முதல் காரணம் நேரம். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். கூத்து தொடங்க இரவு பத்து மணியாவது ஆகிவிடும். பிறகு விடிய விடிய. கொடையிலோ மதியக் கொடை என்றே தனியாக உண்டு. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் அம்மன் கோயில் என்றால் பெரும்பாலும் செவ்வாய், சுடலைமாடன் என்றால் பெரும்பாலும் வெள்ளி. முற்பகலிலேயே வில்லுக்காரர்கள் பந்தலில் அமர்ந்துவிடுவார்கள்.

போனதும் ஸ்பீக்கர் பக்கம் உட்காராதீர்கள். குழாய் ஸ்பீக்கரில் வில்லின் மணியும் உடுக்கையும் மட்டுமே தெறிக்கும். குடத்தின் வாயில் தட்டும்போது எழும் அந்த அடிவயிற்று ஒலி பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். புலவர் ஓர் அடியைப் பாடி, வீசுகோலை வில்லில் தட்டி நிறுத்த, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்புவார்கள். நடுநடுவே பேச்சும் உண்டு, ஊர்க்காரர்களைச் சிரிக்க வைப்பதும் உண்டு. முத்துப்பட்டன், சுடலைமாடன், இசக்கி என்று எந்தக் கதையானாலும் அது அந்தக் கோயில் சாமியின் கதை. உச்சம் நெருங்க நெருங்க வேகம் கூடும், நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ளும், சாமியாடிக்கு அருள் வரும். அந்த நேரத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்பதை ஊர் விரும்பாது. அது அவர்களுடைய வழிபாடு, நாம் விருந்தாளிகள்.

கூத்தை இதற்குக் குறைவாகச் சொல்லவில்லை. சின்ன நாயனம் போன்ற முகவீணையின் கூரிய குரலுக்கு ஈடாக வில்லில் எதுவும் இல்லை. மிருதங்கமும் ஆர்மோனியமும் ஓட, கட்டை எனும் மர அணிகளைக் கட்டிய வேடக்காரர் தானே உச்சக்குரலில் பாடி ஆடுவது சாதாரண உழைப்பா? ராத் தங்க முடிந்தால் தயங்காமல் வடக்கே போங்கள். பகலில் மட்டும்தான் முடியும் என்றால் விழாவின் கடைசி நாளைப் பிடியுங்கள். அன்று காலையில் படுகளம். மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றி வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். துரியோதனன் விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. ஆனால் அந்தக் கூட்டத்திலும் புழுதியிலும் பார்க்கக் கிடைக்கும் அளவுக்குப் பாட்டு கேட்கக் கிடைக்காது.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை, இரண்டு விழாவிலும் அன்னதானம் இருக்கும். வெயிலும் இரண்டுக்கும் பொது. பாரத விழா பெரும்பாலும் கோடையில்தான். கொடையும் சித்திரை, வைகாசியில் நிறைய நடக்கும், ஆனால் ஆடியிலும் உண்டு என்பது வெயில் தாங்காதவர்களுக்கு வசதி.

தேதி கண்டுபிடிப்பதுதான் சிரமம். சாத்தான்குளம், ஏரல், வள்ளியூர் பேருந்து நிலையங்களை ஒட்டிய சுவர்களில் கொடை நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வில்லிசை யார் என்பதும் அதிலேயே இருக்கும். வடக்கே நோட்டீஸில் நாள்வாரியாகக் கூத்தின் பெயர் போட்டிருப்பார்கள். அதில் படுகளம் எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.