ஸ்ட்ராபெரி ஜாமா, ராஸ்பெரி ஜாமா, கொய்யா ஜெல்லியா: கொதித்த பிறகு எது ருசி?

ஜாமில் பிடித்த சுவை எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஸ்ட்ராபெரி என்று சொல்லிவிடுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் நானே ஜாம் கிளறத் தொடங்கிய பிறகுதான் மனம் மாறியது. கையில் எடுத்துக் கடித்துத் தின்னும்போது எந்தப் பழம் ருசி என்பது ஒரு கேள்வி. அதே பழம் சர்க்கரையோடு கொதித்து, ஆறி, இரண்டு மாதம் பாட்டிலில் இருந்த பிறகு எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பழம் விடையாக வருவது அபூர்வம். இங்கே நான் பார்ப்பது இரண்டாவது கேள்வியை.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. ஜாமில் பழத்தின் சதை முழுவதும் இருக்கும். ஜெல்லியில் வடிகட்டிய சாறு மட்டும்தான். ஆரஞ்சு வகைப் பழங்களின் தோலையும் நறுக்கிச் சேர்த்தால் அது மார்மலேட். மூன்றையும் இறுக வைப்பது பெக்டின் (பழத்தில் இயல்பாகவே இருக்கும், கூழாக இறுக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றின் கூட்டு. பெக்டினைத் தனியாகப் பிரித்து 1825-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராகொன்னோ. பழத்தில் பெக்டின் போதுமான அளவு இருந்து, புளிப்பை அளக்கும் பி.எச். ஏறக்குறைய 3-இல் நின்று, மொத்தத்தில் சர்க்கரை நூற்றுக்கு 65 பங்கை எட்டினால் ஜாம் உறையும். கடல் மட்டத்தில் இருக்கும் ஊர்களில் அந்தப் பதம் வருவது கலவை 104 அல்லது 105 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போது.

இதற்கும் சுவைக்கும் என்ன தொடர்பு? நிறையவே இருக்கிறது. பெக்டினும் புளிப்பும் குறைவான பழம் சீக்கிரம் பதத்துக்கு வராது. அடுப்பில் கூடுதல் நேரம் கிடக்கும். அந்த நேரம் முழுக்க நீராவியோடு பழத்தின் வாசமும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அடுக்களை கமகமவென்று மணக்கிறதே என்று சந்தோஷப்படுகிறோம். பாட்டிலுக்குள் போயிருக்க வேண்டிய மணம்தான் அப்படி வெளியே போகிறது.

ஸ்ட்ராபெரியும் ராஸ்பெரியும்

ஸ்ட்ராபெரியின் சிக்கல் இதுதான். எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பெக்டின் கொஞ்சம்தான். நன்றாகப் பழுத்ததில் புளிப்பும் போதாது. எலுமிச்சைச் சாறு பிழியாமல், பெக்டின் தூளும் போடாமல் ஸ்ட்ராபெரியை மட்டும் நம்பிக் கிளறினால், அது இறுகுவதற்குள் நிறம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். என் முதல் முயற்சி அப்படித்தான் முடிந்தது. பாட்டிலைத் திறந்தபோது வந்தது காய்ச்சிய சர்க்கரையின் மணம். அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் ஸ்ட்ராபெரி இருந்தது. பழத்துண்டுகள் எல்லாம் மேலே மிதக்க, அடியில் வெறும் பாகு நின்றது.

பிறகு கற்றுக்கொண்ட வழி: பழத்தை முந்தைய இரவே சர்க்கரையில் போட்டு ஊறவிட வேண்டும். சர்க்கரை உள்ளே இறங்கி, சாறு வெளியே வந்து, பழம் கனத்துவிடும். அப்புறம் அகலமான பாத்திரத்தில் குறைந்த அளவாகப் போட்டு, எலுமிச்சை சேர்த்து, பெரிய தீயில் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். இறக்கியதும் பாட்டிலில் ஊற்றாமல் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கிளறினால் துண்டுகள் மிதக்காது. இப்படிச் செய்த ஸ்ட்ராபெரி ஜாம் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அருமைக்கு ஆயுள் குறைவு. அதன் சிவப்புக்குக் காரணமான நிறமி வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சீக்கிரம் மங்கும். இரண்டு மூன்று மாதத்தில் பாட்டிலைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும்.

ராஸ்பெரி இதற்கு நேர் எதிர். இயல்பாகவே புளிப்பு அதிகம், பெக்டினும் ஓரளவு உண்டு, கொதி வந்து சில நிமிடங்களிலேயே பதம் வந்துவிடும். அதன் மணத்தில் முக்கியப் பங்கு வகிக்கும் ராஸ்பெரி கீட்டோன் எளிதில் ஆவியாகிற பொருளும் இல்லை. அதனால் பாட்டிலைத் திறக்கும்போது பழத்தின் மணம் முகத்துக்கு நேராக வருகிறது. நாக்கில் முதலில் இனிப்பு, உடனே பின்னால் ஒரு புளிப்பு, கடைசியில் பூ மாதிரி ஒரு வாசம். ஸ்ட்ராபெரி ஜாமில் பல நேரம் அந்த முதல் படியோடு சரி.

ராஸ்பெரி வேண்டாம் என்பவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம் விதை. நியாயமான குறைதான், பல்லிடுக்கில் சிக்கும். மொத்தத்தையும் சல்லடையில் தேய்த்து விதையை எடுத்துவிட்டால் ஜாம் வழவழவென்று ஆகி, எதையோ இழந்த மாதிரி இருக்கிறது. நான் பாதியைத் தேய்த்து விதை நீக்கி, மீதிப் பாதியை அப்படியே சேர்க்கிறேன். ஜாம் வரிசையில் என் முதலிடம் ராஸ்பெரிக்குத்தான். ஸ்ட்ராபெரியை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: சிறிய பாட்டிலாகச் செய்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மஞ்சள் பழங்கள்

ஆப்ரிகாட் ஒரு விசித்திரமான பழம். பச்சையாகத் தின்னும்போது பல நேரம் மாவு மாதிரி, சப்பென்று இருக்கும். அடுப்பில் ஏற்றியதும் அதற்குள் ஒளிந்திருந்த புளிப்பு வெளியே வருகிறது, மணம் தேன் போலத் திரள்கிறது. பழமாக இருந்ததைவிட ஜாமாக ஆனபின் ருசி கூடுகிற பழம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நிறம் தருவது கரோட்டின் வகை என்பதால் கொதித்தாலும் பெரிதாக மங்காது. அந்த ஆரஞ்சு நிறம் பல மாதம் அப்படியே நிற்கும்.

கேக் செய்பவர்கள் ஆப்ரிகாட்டைத் தேடுவதற்கும் இந்தப் புளிப்புத்தான் காரணம். 1832-இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சாக்கர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சாக்கர்டோர்ட் என்ற சாக்லேட் கேக்கில் சாக்லேட்டுக்கு இணையாக வருவது ஆப்ரிகாட் ஜாம். அடர்ந்த சாக்லேட்டின் கனத்தை அறுப்பதற்கு ஒரு கூர்மை வேண்டும். ஸ்ட்ராபெரி அங்கே போனால் காணாமல் போய்விடும்.

பீச் பழத்தை ஆப்ரிகாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புளிப்புப் போதவில்லை, ஜாமாக ஆனதும் வெறும் இனிப்பு. மாம்பழத்திலும் இதே கதைதான், ஆனால் அதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது: முழுக்கப் பழுத்ததை விட்டுவிட்டு, செங்காயாக இருப்பதை எடுத்தால் புளிப்பும் பெக்டினும் இரண்டுமே கிடைக்கும். முழுப் பழத்தில் கால் பங்கு, செங்காயில் முக்கால் பங்கு என்பது என் கணக்கு. அன்னாசியில் நாரும் இனிப்பும் மிஞ்சுகின்றன, பச்சைப் பழத்தின் அந்தத் துள்ளல் மிஞ்சுவதில்லை. கலவைப் பழ ஜாமைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எல்லாப் பழமும் இருந்தும் எந்தப் பழத்தின் பெயரும் நாக்குக்குச் சொல்ல வராது.

கசப்பு பிடிக்குமா, பிடிக்காதா

மார்மலேட்டை இந்தப் போட்டியில் சேர்க்கலாமா என்பதே ஒரு சண்டை. நான் சேர்க்கிறேன். அந்தப் பெயர் போர்த்துகீசிய மொழியில் குவின்ஸ் பழத்தைக் குறிக்கும் மார்மெலோ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் மார்மலேட் என்றால் ஆரஞ்சே கிடையாது, குவின்ஸைக் காய்ச்சிய கெட்டிப் பண்டம்தான். ஆரஞ்சு மார்மலேட்டுக்குப் பேர் வாங்கித் தந்த ஊர்களில் ஸ்காட்லாந்தின் டண்டீ முக்கியமானது. கெய்லர் குடும்பம் அங்கே 1797-இல் தொழிலைத் தொடங்கியதாகக் கூறுவார்கள்.

இதில் தேர்வு இரண்டுதான்: கசப்பு ஆரஞ்சு அல்லது இனிப்பு ஆரஞ்சு. செவில் என்று அழைக்கப்படும் கசப்பு ஆரஞ்சை அப்படியே தின்ன முடியாது. ஆனால் அதன் தோலின் உள்பக்க வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் பெக்டின் கொட்டிக் கிடக்கிறது. விதைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தோலோடு சேர்த்து வேகவைத்து, பிறகு அந்த மூட்டையைப் பிழிந்தால் கொழகொழவென்று வரும், தொட்டாலே விரல் ஒட்டும். அந்தக் கொழகொழப்பே மார்மலேட்டை உறைய வைக்கும். இனிப்பு ஆரஞ்சில் செய்தால் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், சுவையில் முதுகெலும்பு இருக்காது. கசப்பே பிடிக்காது என்பவர்கள் மார்மலேட்டை விட்டுவிட்டு ஆப்ரிகாட்டுக்குப் போய்விடலாம். இனிப்பு ஆரஞ்சு மார்மலேட் ஒரு சமரசம், அந்தச் சமரசத்தால் இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லை.

ஜெல்லி வரிசை: திராட்சையா, கொய்யாவா

ஜெல்லி என்றாலே ஊதா நிறம், திராட்சை என்று நினைப்பவர்கள் பலர். அந்தச் சுவை எல்லாத் திராட்சையிலும் கிடையாது. எஃப்ரெய்ம் புல் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற ஊரில் 1849-இல் தேர்ந்தெடுத்த கான்கார்ட் திராட்சையின் சுவை அது. மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள்தான் அந்த மணத்துக்கு மூலம். திராட்சை மிட்டாய், திராட்சை பானம் எல்லாம் ஒரே மாதிரி மணப்பதும் அதனால்தான். திராட்சை ஜெல்லியின் பலம் இந்த அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பலவீனமும் அதுவே: முதல் கரண்டியில் சொன்னதைத்தான் பத்தாவது கரண்டியிலும் சொல்லும். செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாற்றை இரவு முழுக்கக் குளிரில் வைத்து, அடியில் படியும் கசடை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு ஜெல்லிக்குள் படிகமாகி, மணலைக் கடித்த மாதிரி நறநறவென்று இருக்கும்.

கொய்யா ஜெல்லி வேறு உலகம். அதிகம் பழுக்காத கொய்யாவைத் தோலும் விதையுமாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, நனைத்த துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும். எட்டு மணி நேரம் ஆகலாம். இன்னும் கொஞ்சம் வருமே என்று கை பரபரக்கும், பிழிந்துவிடத் தோன்றும். பிழிந்தால் சக்கையின் நுண்துகள் கலந்து ஜெல்லி கலங்கிவிடும், பிறகு எதைச் செய்தும் தெளியாது. பொறுமையாக வடித்த சாறு முதலில் அரிசி கழுவிய நீர் மாதிரி வெளிறித்தான் இருக்கும். சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்து கொதிக்கக் கொதிக்கத் தேன் நிறமாகி, இறக்கும் நேரத்தில் செம்மை தட்டும்.

பதம் பார்ப்பதும் இதில் தனி சுகம். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் முதலில் தனித்தனித் துளிகளாக விழும். பதம் நெருங்கும்போது இரண்டு துளிகள் கரண்டி விளிம்பில் ஒன்று சேர்ந்து, அகலமான ஒரு தகடாகத் தொங்கி, அறுந்து விழும். அந்தக் கணத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொய்யாவில் பெக்டின் அவ்வளவு அதிகம் என்பதால் இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். சரியாக இறக்கியது கண்ணாடி போல ஒளியை விடும், கத்தி வைத்தால் விளிம்பு நிற்கும், வாயில் போட்டதும் கரையும். பழத்தின் காரமான மணமும் லேசான துவர்ப்பும் கடைசி வரை கூடவே வரும். திராட்சையிடம் இல்லாத ஆழம் இது. ஜெல்லியில் என் ஓட்டு கொய்யாவுக்கு.

ஆப்பிள் ஜெல்லி நன்றாக உறையும், சுவை மென்மை. புதினா, மிளகாய் போன்றவற்றைச் சுமந்து செல்லும் வாகனமாக அது நல்லது. சிவப்புக் கரண்ட் என்ற பழத்தின் ஜெல்லியில் இருக்கும் புளிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பிரான்சின் பார்-லெ-டுக் என்ற ஊரில் அந்தச் சின்னஞ்சிறு பழங்களின் விதையை ஒவ்வொன்றாக வாத்து இறகின் முனையால் எடுத்து, பழம் உடையாமல் காய்ச்சுவார்கள் என்பதே அந்தப் புளிப்புக்குக் கிடைக்கும் மரியாதையைக் காட்டுகிறது. கருப்புக் கரண்ட் இன்னும் ஆவேசமானது. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், ஜாமில் பொதுவாக நூற்றுக்கு 45 பங்கு பழம் வேண்டும் என்கிறது; கருப்புக் கரண்ட் போன்ற சிலவற்றுக்கு 35 பங்கே போதும் என்கிறது. அவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தச் சுவை அடங்கிவிடாது.

வாங்கிவந்தோ செய்தோ நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் ரொட்டியும் வெண்ணெயும் வேண்டாம், வெறும் கரண்டி போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்; சில்லென்று இருந்தால் மணம் எழும்பாது. நடுநடுவே ஒரு வாய் வெந்நீர். வரிசை முக்கியம்: ஸ்ட்ராபெரியிலிருந்து தொடங்கி, ஆப்ரிகாட், கொய்யா, ராஸ்பெரி என்று போய் மார்மலேட்டில் முடியுங்கள். ராஸ்பெரியை முதலில் ருசித்துவிட்டு ஸ்ட்ராபெரிக்கு வந்தால் அது வெறும் சர்க்கரையாகத்தான் தெரியும், அந்தப் பழத்துக்கு அந்த அநியாயம் வேண்டாம்.