பிளக்கைப் பிடுங்குவதா, பட்டியலைப் பார்ப்பதா, பெட்டியையே மாற்றுவதா?

செந்தூலில் அக்கா வீட்டுக்குப் புது ரவுட்டர் வந்த நாளிலிருந்து தொல்லை. ஃபோனில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகாது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகும், அரை மணி கழித்து மறுபடியும் நிற்கும். அத்தானின் ஃபோனில் ஓடும் அதே நேரத்தில் அக்காவின் லேப்டாப்பில் ஓடாது. அக்கா இரவு எட்டு மணிக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் டியூஷன் எடுக்கிறார். பாதி வகுப்பில் டீச்சரின் முகம் அப்படியே உறைந்து நின்றால் பெற்றோர் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்கள்? லைன் கம்பெனிக்கு மூன்று முறை ஃபோன் போட்டார்கள். ஆள் வந்து, ஃபைபரில் ஒளி சரியாக வருகிறது, வேகமும் சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான்.

அத்தான் லோ யாட் பிளாசாவுக்குப் போய் மெஷ் பெட்டி (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) வாங்கிவரக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமையில்தான் நான் அங்கே போனேன். ஒரு நாள் பொறுங்கள் என்று நிறுத்தி, ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எந்த வழி எங்கே ஏமாற்றியது என்று தெரியும். குற்றவாளி, கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் சிசிடிவி பெட்டி. சில வருடங்களுக்கு முன் கேமரா பொருத்தியவர் அதற்கு 192.168.1.1 என்ற ஐபி எண்ணை நிரந்தரமாகப் போட்டிருக்கிறார். பழைய ரவுட்டரின் எண் 192.168.1.254 என்பதால் அப்போது இடிக்கவில்லை. புது ரவுட்டர் வந்தது, அதன் எண்ணும் 192.168.1.1. ஒரே வீட்டு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? இன்றைக்கு இங்கே போடுவார், நாளைக்கு அங்கே போடுவார்.

கணினி உலகில் அந்தத் தபால்காரரின் வேலையைச் செய்வது ‘ஆர்ப்’ என்ற நெறிமுறை. 1982-இல் எழுதப்பட்டது, இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் ஓடுகிறது. ‘192.168.1.1 யார்?’ என்று ஃபோன் சத்தமாகக் கேட்கும். யார் பதில் சொன்னாலும் நம்பிவிடும், சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. ரவுட்டரின் பதிலைப் பிடித்துக்கொண்ட ஃபோனுக்கு இன்டர்நெட் கிடைக்கும். கேமரா பெட்டியின் பதிலைப் பிடித்துக்கொண்ட லேப்டாப் தன் எல்லாப் போக்குவரத்தையும் கேமராவுக்கு அனுப்பும், கேமரா அதைக் கீழே போட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் அந்த நினைவு காலாவதியாகி மறுபடி கேட்கும்போது பதில் மாறலாம். வந்து வந்து போனதற்குக் காரணம் இதுதான்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

பெரும்பாலோர் முதலில் செய்வது பிளக்கைப் பிடுங்குவது. நம் ஊரில் ஒவ்வொரு பிளக்குக்கும் சுவரிலேயே சுவிட்ச் இருப்பதால் பிடுங்கக்கூட வேண்டாம், தட்டினால் போதும். ஒவ்வொன்றாக அணைப்பதைவிடப் பாதிப் பாதியாக அணைப்பது எவ்வளவோ மேல். பதினாறு சாமான் இருந்தால் எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று நான்கே சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். இதற்குக் கணினி அறிவும் தேவையில்லை, காசும் தேவையில்லை. கோளாறு இடைவிடாமல் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் (பல நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி, சுவர் சுவிட்ச் அல்ல) செருகிய கேபிளோ, தரவுப் பொட்டலங்களை வெள்ளமாகக் கொட்டும் பெட்டியோ அணைத்த அடுத்த நிமிடமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அக்கா வீட்டில் இது எங்களைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போனது. டிவிப் பெட்டி, விளக்குகள், காற்றுச் சுத்திகரிப்பான் எல்லாம் இருந்த பாதியை அணைத்தோம், நாற்பது நிமிடம் அருமையாக ஓடியது. டிவிப் பெட்டிதான் என்று முடிவுகட்டி, அதன் கேபிளைச் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு மீகூன் கோரேங் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடி நின்றுவிட்டது. அந்த நாற்பது நிமிடமும் லேப்டாப் சரியான பதிலைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வந்து வந்து போகும் கோளாறில் ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நான்கு சுற்று என்றால் ஒரு முழு நாள். போதாக்குறைக்குக் கேமரா பெட்டி யூபிஎஸ் என்ற பேட்டரிப் பெட்டியில் இருந்தது, சுவர் சுவிட்சைத் தட்டியும் அது அணைந்திருக்காது. பேட்டரி உள்ளவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘பிங்’, அதாவது ‘இருக்கிறாயா?’ என்று ஓர் எண்ணைக் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. ரவுட்டருக்கு ஒன்று, வெளியே கூகுளின் 8.8.8.8-க்கு ஒன்று. ரவுட்டர் பதில் சொல்லி வெளியே பதில் இல்லையென்றால் லைன் கோளாறு, ரவுட்டரே பதில் சொல்லாவிட்டால் வீட்டுக்குள் கோளாறு. நல்ல சோதனை, பத்துக்கு ஒன்பது முறை நம்பலாம். இங்கே நடந்ததோ அந்தப் பத்தாவது. நின்ற நேரத்திலும் 192.168.1.1 அழகாகப் பதில் சொன்னது, ஏனென்றால் பதில் சொன்னது கேமரா பெட்டி! லைன் கோளாறு என்று மூன்று வாரம் எல்லோரும் நம்பியதில் வியப்பில்லை. இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு: லைன் கேபிளையும் மின் கேபிளையும் தவிர ரவுட்டரிலிருந்து எல்லாக் கேபிளையும் கழற்றி, வைஃபையையும் அணைத்து, ஒரே ஒரு லேப்டாப்பை நேராகச் செருகி ஒரு மணி நேரம் விடுவது. அதில் ஒரு முறைகூட நிற்கவில்லை. லைனை அத்தோடு சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது மூன்றாவது வழி. சட்டென்று முடிகிற வேலை, ஆனால் அதன் குறைகளைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். பெயர்கள் உதவாது; ‘ஈஎஸ்பி’ என்று தொடங்கும் பெயரெல்லாம் பெரும்பாலும் மலிவான ஸ்மார்ட் பிளக், விளக்கு வகை. ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் ஃபோன்கள் தங்கள் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே போடும் அடையாள எண்) மறைத்துப் பொய் முகவரி காட்டுகின்றன, அதனால் தெரியாத ஆள் என்று பயந்தால் அது மகனின் ஃபோனாக இருக்கும். பெரிய குறை வேறு. பல ரவுட்டர்கள் காட்டுவது தங்களிடம் எண் கேட்டு வாங்கியவர்களின் பட்டியலை மட்டுமே. தானே எண் வைத்துக்கொண்டு வந்த கேமரா பெட்டி அதில் இல்லவே இல்லை.

இருந்தாலும் இந்த வழிதான் தற்செயலாக முதல் துப்பைக் கொடுத்தது. நின்றுபோன ஒரு நேரத்தில் 192.168.1.1 என்று அடித்ததும் ரவுட்டரின் நுழைவுப் பக்கத்துக்குப் பதிலாக வேறொரு பக்கம் வந்தது, அதன் மூலையில் ஒரு கேமராப் படம். அப்போதுதான் அத்தான், “ஆமாம்லா, ரவுட்டர் மாற்றினதிலிருந்து கேமராவை ஃபோனில் பார்க்க முடியவில்லை. லைன் சரியில்லாததால் என்று நினைத்தேன்” என்றார். வரவேற்பறைத் திரையில் படம் ஓடிக்கொண்டே இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கேமரா பெட்டி இன்னும் பழைய ரவுட்டரின் 254-ஐயே இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல் என்று நம்பிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டாரிடம் ‘வேறு எது வேலை செய்யவில்லை, எப்போதிலிருந்து?’ என்று முதலில் கேளுங்கள். நான் அதைக் கேட்காமலேயே சுவிட்ச் தட்டப் போனேன், அரை நாள் போயிற்று.

உறுதிப்படுத்த நான்காவது வழி: ஆர்ப் பட்டியல். விண்டோஸ் லேப்டாப்பில் கட்டளைத் திரையைத் திறந்து ‘ஆர்ப்’, ஓர் இடைவெளி, சிறுகோடு, ‘ஏ’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்த ஐபி எண் எந்த மேக் முகவரியில் இருக்கிறது என்று வரும். நன்றாக ஓடும்போது ஒரு படம், நின்றபின் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 192.168.1.1-க்கு எதிரே இருக்கும் முகவரி மாறியிருந்தால் வேலை முடிந்தது. ரவுட்டரின் உண்மையான மேக் முகவரி அதன் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், அதோடு ஒப்பிடலாம். மற்றதன் முதல் ஆறு எழுத்தை இணையத்தில் தேடினால் தயாரிப்பாளர் யாரென்று தெரியும். இரண்டு நிமிட வேலை. வந்து வந்து போகும் கோளாறுக்கு, சில சாமானில் ஓடிச் சிலவற்றில் ஓடாத கோளாறுக்கு, நான் பிளக்கை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் செய்வேன்.

நெட்வொர்க்கில் போகும் பொட்டலங்களை வரிவரியாகக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் பற்றியும் கேட்பார்கள். இலவசம், 1998-இல் வேறு பெயரில் தொடங்கியது, ஒரே எண்ணை இருவர் வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கும். பழக்கமில்லாதவர்களுக்குத் திரையில் ஓடும் வரிகளே தலைவலி. ஸ்விட்சில் செருகிய லேப்டாப்பில் பார்த்தால் உங்கள் போக்குவரத்தும் எல்லோருக்குமாகக் கத்தப்படுவதும் மட்டுமே தெரியும். ஆனால் வெள்ளக் கோளாறுக்கு அதுவே போதும். 2018 ஜனவரியில் ஃபோனில் இருப்பதை டிவியில் காட்ட உதவும் கூகுள் காஸ்ட் மென்பொருளில் ஒரு பிழை வெளிப்பட்டது. தூங்கி எழும் கருவி, தூங்கிய நேரத்துக்கெல்லாம் சேர்த்து அறிவிப்புப் பொட்டலங்களை ஒரே மூச்சில் அனுப்பியது. சில சமயம் ஒரு லட்சத்தையும் தாண்டி, பல வீட்டு ரவுட்டர்கள் திணறி விழுந்தன. கூகுள் திருத்தம் அனுப்பிய பிறகே அடங்கியது. அப்படி ஒன்றை வயர்ஷார்க் ஒரு நிமிடத்தில் காட்டும், ரவுட்டரின் பட்டியல் ஒரு நாளும் காட்டாது.

மெஷ் வாங்கும் யோசனையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அத்தான் அன்றைக்கு வாங்கியிருந்தால் கோளாறு ஒருவேளை போயிருக்கும்! பல மெஷ் பெட்டிகள் வேறு எண் வரிசையில் வருகின்றன, மோதல் தானாக மறைந்திருக்கும். சில நூறு வெள்ளி செலவழித்து, காரணம் தெரியாமல், கேமராவும் ஃபோனில் தெரியாமலேயே இருந்திருக்கும். தூர அறையில் கோடு குறைந்தால் மெஷ் வாங்குங்கள், கோடு முழுசாக இருந்தும் நின்றால் வாங்காதீர்கள். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை லைனில் சொந்த ரவுட்டர் போடுவதானால் வி-லேன் (ஒரே கேபிளில் போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) எண் 500 என்று அமைக்க வேண்டும், செருகியதும் ஓடாது.

பிடித்த பிறகு என்ன செய்வது? எங்களுக்கு எண்ணை மாற்றினாலே தீர்ந்தது. கேமரா பெட்டியைத் தானாக எண் வாங்கச் சொல்லிவிட்டு, ரவுட்டரில் அதற்கு 192.168.1.200 என்று ஒதுக்கிவைத்தோம். பெட்டியிலேயே நிரந்தர எண் போடுவதைவிட இது நல்லது, அடுத்த முறை ரவுட்டர் மாறினாலும் இடிக்காது. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கேமரா என்றால் தனியாகப் பிரித்துவைப்பதே சரி. 2016-இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களில்தான் பெருமளவு புகுந்தது. வைஃபை சாமானுக்கு விருந்தினர் வைஃபை எளிது, ஆனால் கேபிளில் இருப்பதற்கு அது உதவாது. அலமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டரை இரண்டாவதாக மாட்டிக் கேமராவை அதன் பின்னால் வைக்கிறார்கள். அது தலைகீழ். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தொட முடியும், முன்னால் இருப்பதுதான் பின்னால் போக முடியாது. அதனால் நம்பாத சாமானை முன் ரவுட்டரில் விட்டு, உங்கள் லேப்டாப்பையும் ஃபோனையும் பின்னால் வையுங்கள். வி-லேன் ஸ்விட்ச் எல்லாவற்றிலும் சுத்தமான வழி, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும்.

அன்று இரவு வகுப்பு ஒன்பதரை வரை நிற்காமல் ஓடியது. எந்தச் சாமானுக்கு எந்த எண் என்று எழுதிய தாளை அக்கா ரவுட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். வாசல் மணிக் கேமராவுக்கு எதிரே மட்டும் இன்னும் காலி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை விருந்தினர் வைஃபைக்கு மாற்றப் போகிறோம்.