புஷ்ராடு எதைப் போடலாம்: கம்பியா, நைலானா, கார்பனா, கயிறா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஓல்டு ஹாலண்டு ரோடு திடல்ல என்னோட டிரெய்னர், அதாவது ரிமோட்ல ஓட்டிப் பழகுற மாடல் பிளேன், மூக்கு குத்தி விழுந்துச்சு. பேட்டரி பாதிக்கு மேல இருந்துச்சு, சிக்னலும் போகல, லூப்ல இருந்து இறங்கும்போது ரிமோட் ஸ்டிக்கை முழுசா இழுத்தேன், பிளேன் கேக்கவே இல்ல, நேரா புல்லுக்குள்ள. பக்கத்துல இருந்த அங்கிள் ஒருத்தர் உடைஞ்சதைத் தூக்கிப் பாத்துட்டு எலிவேட்டரை (மூக்கை ஏத்தி இறக்குற வால் பலகை) ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு "ஸ்டிக்கை இழு தம்பி"ன்னாரு. இழுத்தேன். சர்வோ (பலகையை அசைக்குற சின்ன மோட்டார்) நல்லா திரும்புது, எலிவேட்டர் அசையல, உள்ள கம்பி வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. "பாத்தியா, சர்வோ பாவம் அது வேலைய செய்யுது, நீ போட்ட கம்பிதான் நடுவுல வளைஞ்சு கொடுக்குது"ன்னு சொல்லிட்டு அவரு தே ஓ கொசோங் குடிக்கப் போயிட்டாரு. நான் வீட்டுக்கு வந்து கைவசம் இருந்த எல்லா வகை புஷ்ராடையும் (சர்வோவுல இருந்து எலிவேட்டர் மாதிரி அசையுற பலகைக்குப் போற இணைப்புத் தண்டு) மேசையில பரப்பி வச்சு கணக்கு போட்டுப் பாத்ததுதான் இது.

முதல்ல சாதா பியானோ வயர், அதாவது விறைப்பான இரும்புக் கம்பி. மலிவு, எங்கயும் கெடைக்கும், பிளையர் இருந்தா முனையை Z மாதிரி மடிச்சு (இசட் பெண்டு) அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம். இழுக்குறதுக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல. தள்ளும்போதுதான் வினை. 1.5 மில்லிமீட்டர் தடிமன் கம்பி, நடுவுல எந்தப் பிடிப்பும் இல்லாம 60 செண்டிமீட்டர் நீளம் ஓடுனா கிட்டத்தட்ட 140 கிராம் தள்ளு விசையிலயே வளைய ஆரம்பிச்சிடும். சின்ன 9 கிராம் சர்வோகூட 1 செண்டிமீட்டர் ஆர்ம்ல (சர்வோ தலையில இருக்குற கை) ஒரு கிலோவுக்கு மேல தள்ளும், அப்ப யாரு தோப்பாங்கன்னு நீங்களே பாத்துக்கங்க. அதே கம்பி 30 செண்டின்னா நாலு மடங்கு தாங்கும், ஏன்னா நீளம் பாதியானா தாங்குறது நாலு மடங்கு. தடிமன் இன்னும் மோசமான கணக்கு, அது நாலாவது அடுக்குல ஏறும், 1 மில்லிக்குப் பதிலா 1.5 போட்டா அஞ்சு மடங்கு. அதனால இறக்கைக்குள்ள சர்வோ வச்சு அய்லரானுக்கு (இறக்கையில அசையுற பலகை) எட்டு பத்து செண்டி போறதுக்கு வயரை விட நல்லது எதுவும் இல்ல, வாலுக்குப் போகணும்னா வெறும் வயர் வேணாம், இல்லன்னா வழி நெடுக டியூபுக்குள்ள ஓட விடணும்.

இன்னொரு விஷயம், என் பிளேன்ல ஹார்ன் (புஷ்ராடை மாட்டுற சின்ன கொம்பு) எலிவேட்டருக்குக் கீழ இருந்துச்சு. கீழ இருந்தா அப் கொடுக்க, அதாவது எலிவேட்டரை மேல தூக்க, கம்பி தள்ளணும், மேல இருந்தா இழுக்கணும். டைவ்ல இருந்து எடுக்குற நேரத்துலதான் காத்தோட அழுத்தம் ஜாஸ்தி, அந்த நேரம் பாத்து தள்ளுற மாதிரி வச்சிருக்கேன். ஹார்னைத் திருப்பி மேல வச்சிருந்தா அதே கம்பியே தப்பிச்சிருக்கும்!

அடுத்து நைலான் டியூபுக்குள்ள நைலான் டியூபு, கோல்டன் ராடு ஸ்டைல். வளைவு நெளிவா போக வேண்டிய இடத்துக்கு இதுதான் சுகம், ஃபியூசிலாஜ் (பிளேனோட உடம்பு) உள்ள பேட்டரி ட்ரேயைச் சுத்தி வளைச்சுக்கூட கொண்டு போகலாம், துரு பிடிக்காது. ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு இது நீளும். இரும்பை விட ஆறு ஏழு மடங்கு நீளும்னு வச்சுக்கங்க. காலையில 26 டிகிரில ட்ரிம் பண்ணிட்டு (நேரா பறக்குற மாதிரி சரி பண்ணிட்டு), மத்தியானம் கார் பூட்ல போட்டு எடுத்து பிளேன் உள்ள 46 டிகிரி ஆயிருச்சுன்னா, 70 செண்டி ராடு ஒரு மில்லிக்கு மேல நீண்டிருக்கும். ஹார்ன் உயரம் 12 மில்லின்னா அது 5 டிகிரி எலிவேட்டர், ட்ரிம் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ரட்டருக்கு (இடம் வலம் திருப்புற வால் பலகை), மூக்கு சக்கரத்துக்குன்னா பரவால்ல, யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா எலிவேட்டருக்கு இதை நான் போட மாட்டேன், பால்சா (லேசான மரம்) பிளேன்ல நிச்சயமா மாட்டேன். ஃபோம் பிளேன்ல கதை கொஞ்சம் மாறும், ஃபோமும் சூட்டுக்கு நீளும்ங்கிறதால ரெண்டும் சேந்து நீண்டு ஓரளவு சரிக்கட்டிக்கும். அங்க கார்பன் போட்டாதான் ராடு அப்படியே நிக்கும், உடம்பு நீளும், ட்ரிம் லேசா மாறும். இது எனக்கே ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சுச்சு.

டியூபு எந்த வகையா இருந்தாலும் அதைப் பத்து பதினஞ்சு செண்டிக்கு ஒரு இடத்துல ஃபார்மரோட (உடம்புக்குள்ள குறுக்கே நிக்குற பலகை) ஒட்டணும், சும்மா ரெண்டு முனையில மட்டும் ஒட்டிட்டு விட்டா டியூபும் உள்ள இருக்குற கம்பியும் சேந்து வளையும். ஒட்டும்போது தண்ணி மாதிரி இருக்குற சிஏ பசை (சூப்பர் குளூ) வேணாம். நான் ஒருதடவை வெளி டியூபோட முனையில ஒரே ஒரு சொட்டு விட்டேன், அது உள்ள இழுத்துக்கிட்டுப் போயி ராடையும் டியூபையும் ஒண்ணா ஆக்கிடுச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு ஃபியூசிலாஜைக் கிழிச்சேன். கெட்டியான பசை இல்ல எப்பாக்ஸி, அதுவும் முனையில இருந்து ஒரு செண்டி தள்ளி.

இப்ப கார்பன் டியூபு. எனக்குப் பிடிச்சது இதுதான்னு முன்னாடியே சொல்லிடுறேன், அதனால கொஞ்சம் சாய்வாத்தான் எழுதுவேன். வெளி விட்டம் 4 மில்லி, உள் விட்டம் 3 மில்லி டியூபு 60 செண்டி எடுத்தா எடை சுமார் 5 கிராம்தான். அதே நீளத்துக்கு 1.5 மில்லி இரும்பு 8 கிராம். ஆனா வளையறதுக்கு முன்னாடி தாங்குறது அந்த இரும்பை விட இருபது மடங்கு, நடுவுல பிடிப்பு எதுவும் தேவையே இல்ல. வால் பக்கம் ஒரு கிராம் குறைஞ்சா மூக்குல ரெண்டு மூணு கிராம் ஈயம் மிச்சம்ங்கிறது பிளேன் கட்டுறவங்களுக்குத் தெரியும். 250 கிராமைத் தாண்டுனா சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துல பதிவு பண்ணணுமே, அந்தக் கோட்டுக்கு உள்ளயே நிக்கணும்னு சின்ன பிளேன் கட்டுறவங்களுக்கு இந்த ரெண்டு மூணு கிராமெல்லாம் பெரிய விஷயம்.

கார்பனோட பிரச்சனை முனையிலதான். டியூபுக்குள்ள மரை போட்ட கம்பியைச் சொருகி எப்பாக்ஸி வைக்கணும், அந்த ஒட்டு விட்டா எல்லாம் போச்சு. நான் செய்யுறது இப்படி: கம்பியோட முனையை மணல்தாள்ல நல்லா கீறி, ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, இருபது மில்லி நீளம் உள்ள போற மாதிரி அரைமணி நேரம் எடுக்குற எப்பாக்ஸியில தோச்சுச் சொருகி, வெளியில தையல் நூலை இறுக்கிச் சுத்தி அதுமேலயும் எப்பாக்ஸி தடவி, கடைசியா ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்குற குழாய்). சுத்தாம விட்டா டியூபு நீளவாக்குல விரிஞ்சு பொளக்கும். ஹீட் ஷ்ரிங்க் சிம் லிம் டவர்ல மீட்டர் கணக்குல வாங்கிக்கலாம். கார்பனை அறுக்கும்போது தூசு வரும், மாஸ்க் போடுங்க, ஈரத்துணி வச்சு அறுங்க, சமையல் மேசையில வச்சு அறுத்து வீட்டுல திட்டு வாங்காதீங்க. ரிசீவர் ஆண்டெனாவைக் கார்பன் ராடை ஒட்டி ஓட விடவும் கூடாது, அது சிக்னலை மறைக்கும்.

நடுவுல ஒரு ஏழையின் கார்பன் இருக்கு, அதுதான் சாத்தே குச்சி! சிரிக்காதீங்க. 3 மில்லி மூங்கில் குச்சி, 1.5 மில்லி இரும்புக் கம்பிக்குக் கிட்டத்தட்ட சமமா நிக்கும், எடை பாதிகூட வராது, சூட்டுக்கும் பெருசா நீளாது. சின்ன ஃபோம் பிளேனுக்கு ரெண்டு முனையிலயும் வயர் வச்சு நூல் சுத்தி ஒட்டுனா போதும். பழைய ஆளுங்க 6 மில்லி பால்சா குச்சியில இதையேதான் செஞ்சாங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு மூங்கில் மேல ஒரு கை வார்னிஷ் அடிச்சிடுங்க.

பாக்கி இருக்குறது கயிறு, அதாவது புல் புல். சர்வோவில இருந்து ரட்டருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கேபிள், எப்பவும் ஏதோ ஒரு பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும், தள்ளுற வேலையே இல்லாததால வளையுற பேச்சும் இல்ல. பெரிய பிளேன் ரட்டருக்கு இதுக்கு ஈடு கெடையாது, சர்வோ முன்னாடியே இருக்கும், வால்ல எடை ஏறாது. தூண்டில் கடையில நைலான் பூசுன ஸ்டீல் லீடரும் அமுக்குற பித்தளை குழாயும் வாங்குனா காரியம் முடிஞ்சுது. கேபிளைக் குழாய்க்குள்ள ஒருதடவை விட்டு அமுக்காதீங்க, திருப்பி மறுபடி நுழைச்சு அப்புறம் அமுக்குங்க, இல்லன்னா வழுக்கிட்டு வந்துரும். ரட்டர் ஹார்ன் ஓட்டை கீல் கோட்டுக்கு நேரா இருக்கணும், சர்வோ ஆர்ம் அகலமும் ஹார்ன் அகலமும் ஒண்ணா இருக்கணும், இல்லாட்டி திரும்பும்போது ஒரு பக்கம் தொய்யும் இன்னொரு பக்கம் முறுக்கிக்கும், சர்வோ முனகும். ஃபோம் பிளேன்ல இதைப் போட்டா வெயில்ல இறுகி நிழல்ல தளரும், எனக்குப் பொறுமை இல்ல.

ராடு எதுவா இருந்தாலும் முனை லூசா இருந்தா வீண். 10 மில்லி ஹார்ன்ல அரை மில்லி ஆட்டம்னா கிட்டத்தட்ட 3 டிகிரி, பிளேன் நேரா போகவே போகாது. 1.5 கம்பிக்கு 1.6 ட்ரில் போதும், கத்தி முனையால ஓட்டையைத் திருகித் திருகிப் பெருசாக்குற பழக்கம் என்கிட்டயும் இருந்துச்சு, விட்டுட்டேன். சர்வோ பக்கம் இசட் பெண்டு, ஹார்ன் பக்கம் கிளெவிஸ் (ஓட்டையைக் கவ்வுற கிளிப்), இதுதான் என் வழக்கம். ஸ்குரூ போட்டு இறுக்குற ஸ்டாப்பர் சரிக்கட்ட வசதி, ஆனா எலிவேட்டர்ல அதை நம்பி உசுரை விடாதீங்க, அதிர்வுல கழலும். கிளெவிஸ்ல எம்2 மரை ஒரு சுத்துக்கு 0.4 மில்லி நகரும், அதை வச்சு நடுவை அழகா பிடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கச் சாமான்ல வர்ற 2-56 மரையும் சீனாவுல இருந்து வர்ற எம்2 மரையும் கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும், 2-56 கிளெவிஸை எம்2 ராடுல மாட்டுனா ஏறவும் ஏறும், இழுத்தா வந்துடும். நான் ரெண்டையும் வேற வேற டப்பாவுல போட்டு பேனாவால எழுதி வச்சிருக்கேன். கிளெவிஸ் மேல ஒரு துண்டு சிலிகான் டியூபு ஏத்தி விட்டுடுங்க, வாய் திறக்காது.

அந்த டிரெய்னருக்கு இப்ப மூக்கு புதுசு, எலிவேட்டருக்கு கார்பன், ரட்டருக்கு பழைய நைலானையே விட்டுட்டேன், அய்லரானுக்கு 1.5 வயர். ஹார்னை மேல திருப்பி வச்சு, நேத்து ராத்திரி எலிவேட்டரை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு மனைவியை ஸ்டிக்கை இழுக்கச் சொன்னேன். சர்வோ முக்குச்சு, ஆர்ம் நகரல, கார்பன் ராடும் வளையல.