துபாய் விசா நீட்டிப்பு என்று சொல்லி 46,500 ரூபாய் போச்சு: மண்ணடிப் பக்கம் போகிறவர்கள் படிச்சுட்டுப் போங்க

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 46,500 ரூபாய். வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றபடி புடவை பிரித்துப் போடுகிறவளுக்கு அது என்ன பணம் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா? இதற்காகச் சேட்டுக் கடையில் வைத்த வளையல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வட்டி ஓடுகிறது.

கடைப் பேரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். சென்னை மண்ணடியில் குறுகலான படியேறி மாடிக்குப் போகிற டிராவல்ஸ் ஆபீஸ் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவில் டிக்கெட், விசா, அட்டஸ்டேஷன் என்று ஸ்டிக்கர், உள்ளே ஒரு ஏசி, ஒரு மேசை, சுவரில் புர்ஜ் கலீஃபா படம். அந்த மாதிரி அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஒழுங்காக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கோபிக்க வேண்டாம்.

என் தம்பி துபாயில் ஏசி டெக்னீஷியன். பல வருஷமாக ஒரே கம்பெனி. அவர்கள் ஆள் குறைத்தபோது இவன் ரெசிடென்ஸ் விசாவையும் கேன்சல் செய்துவிட்டார்கள். கேன்சல் ஆன உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. வேறு வேலை தேட அவகாசம் உண்டு. ஆளைப் பொறுத்து அது ஆறு மாதம் வரைக்கும்கூடப் போகும், இவனுக்கு 60 நாள். அது முடிந்தபின் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். அவனுக்கு வேலையும் கிடைத்தது, ஆஃபர் லெட்டரும் வந்தது. ஆனால் புதுக் கம்பெனி விசா போட இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். நடுவில் சட்டப்படி தங்க ஒரு வழி, நாட்டுக்குள் இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாற்றி (அதாவது வெளியே போய் வராமலே விசா வகையை மாற்றி) 60 நாள் விசிட் விசா எடுப்பது. நிறைய பேர் செய்வதுதான், இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பழைய கம்பெனி கடைசிக் கணக்கை முடிக்காததால் அவன் கையில் காசு இல்லை. சரி, இங்கிருந்து நான் கட்டுகிறேன் என்றேன்.

ஏன் இந்த ஆபீஸ் என்றால், தம்பி முதல்முறை துபாய் போனபோது விசா அடித்துக் கொடுத்ததே இந்த ஆபீஸ் நடத்துகிறவர்தான். எங்கள் தெருவில் இன்னும் சில பையன்களையும் அனுப்பியிருக்கிறார். நான் போய்த் தம்பி பேரைச் சொன்னதும் அந்த மனுஷன் கம்ப்யூட்டரில் தேடி, பழைய பாஸ்போர்ட் காப்பியை எடுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். மீசைகூட முளைக்காத முகம். "இன்னாக்கா, நம்ம புள்ள இவ்ளோ பெரிசாயிட்டானா? கல்யாணம் ஆச்சா?" என்றார். அம்மா உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டார். டீ வரவழைத்தார். அத்தனை வருஷத்துக் காப்பியைப் பத்திரமாக வைத்திருக்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? அந்த ஒரு போட்டோதான் என் கையிலிருந்து பணத்தை உருவியது.

"துபாய்ல, டெய்ரா ஏரியாவுல இருக்கிற நம்ம ஆபீஸ்லயே முடிச்சிருவாங்க. நாலு நாள்ல பேப்பர் கையில." மொத்தம் 46,500. அதில் ஒரு பகுதி டெபாசிட், தம்பி புது விசாவுக்கு மாறியதும் திரும்பி வரும் என்றார். 30,000 ஜிபேயில், 16,500 கையில். ஜிபே நம்பரில் வேறு பேர் வந்தது, கேட்டேன். "மச்சான் அக்கவுண்ட், ஜிஎஸ்டி பிரச்சினைக்கா." பில் கேட்டேன். புக் தீர்ந்துபோச்சு என்று விசிட்டிங் கார்டு பின்னால் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கார்டு இப்போது போலீஸ் ஃபைலில் இருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது. முதலில் சர்வர் டவுன். அப்புறம் போட்டோ பின்னணி வெள்ளையாக இல்லை, வேற அனுப்புங்க. அனுப்பினோம். அப்புறம் "வெள்ளி, சனி அங்க கவர்மென்ட் லீவுக்கா". 2022 ஜனவரியிலேயே அங்கே வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை அரை நாள் ஆபீஸ் உண்டு. தம்பி இதைச் சொல்லிச் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தொழிலையே செய்கிற ஆளுக்கு இது தெரியாதா?

அவகாசம் முடிகிற அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. தம்பி போட்டோ, பாஸ்போர்ட் நம்பர், முத்திரை, பார்கோடு, எல்லாம் அச்சு அசல். வீட்டில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போனை வைத்துக் கும்பிட்டாள். அது போலி.

புதுக் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கிற பிஆர்ஓ அந்தப் பேப்பரில் இருந்த ஃபைல் நம்பரைத் துபாய் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு பதிவே இல்லை. பழைய விசா கேன்சல் ஆனதும் அபராதம் ஏறிக்கொண்டிருப்பதும்தான் வந்திருக்கிறது. அதற்குள் அது 1,400 திர்ஹமைத் தாண்டியிருந்தது, நம்ம பணத்தில் 30,000க்கும் மேல். அதைக் கட்டினால்தான் மேற்கொண்டு விசா வேலை நடக்கும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ரூமில் இருந்த பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். அவர்கள் மட்டும் இல்லாவிட்டால் அந்த வேலையும் போயிருக்கும். ஆக, இங்கே போனது 46,500, அங்கே கட்டியது தனி.

போலி பேப்பரை எடுத்துக்கொண்டு மண்ணடிக்கு ஓடினேன். அக்கா என்று கூப்பிட்டவர் இப்போது "மேடம்" என்றார். டெய்ரா ஆள் ஏமாத்திட்டான் மேடம், நானும் பாதிக்கப்பட்டவன்தான் என்றார். சரி, பணத்தைக் கொடுங்க என்றேன். அங்கேயிருந்து ரீஃபண்டு வரணும், வந்தால் சர்வீஸ் சார்ஜ் போக 8,000 தருகிறேன் என்றார். 46,500 வாங்கிய இடத்தில் 8,000! அபராதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "ஏன் கட்டினீங்க? மறுபடி பொதுமன்னிப்பு விடுவாங்க, அப்ப சும்மாவே சரிபண்ணியிருக்கலாம்" என்றாரே, அங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறியது. அமீரக அரசு விட்ட அந்த மன்னிப்பு 2024 செப்டம்பர் 1லிருந்து டிசம்பர் 31 வரை இருந்தது. அதற்கு முன்பே விசா காலாவதியாகி மாட்டிக்கொண்டவர்களுக்காக அறிவித்தது. அடுத்தது எப்போது என்று ஷேக்கா இவருக்குப் போன் போட்டுச் சொன்னார்?

அடுத்த தடவை போனபோது கவுண்டரில் ஒரு சின்னப் பெண் மட்டும். "சார் வெளிய போயிருக்காரு மேடம்." உள்ளறையில் அவர் செருமுகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், அவள் சம்பளம் என்ன பாக்கியோ. இப்போது என் நம்பரை பிளாக் செய்தாகிவிட்டது. கடை போன் எடுத்தால் உடனே கட்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் "வெளிநாட்டு விஷயம்மா, வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் போங்க" என்றார்கள். பணம் வாங்கினது மண்ணடியில், துபாயில் இல்லை என்று நின்றேன். கடைசியில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். ஜிபேயில் போன 30,000க்கு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து பதிவு செய்திருக்கிறேன். உடனே செய்திருந்தால் அந்த அக்கவுண்டை முடக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். போலி என்று தெரிந்ததே அப்போதுதான், உடனே எப்படிச் செய்வது? சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான் முடியும். பேப்பர் வந்த அன்றே ஃபைல் நம்பரை நீங்களே இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். துபாயில் அடித்த விசா என்றால் துபாய் குடியேற்றத் துறை தளம், அபுதாபி, ஷார்ஜா என்றால் அமீரக மத்திய குடியேற்றத் துறையான ஐசிபியின் தளம். அங்கே இருக்கிறவரை நேராக, துபாயில் விசா வேலைகளைச் செய்து தரும் அங்கீகரித்த சேவை மையமான ஆமர் சென்டருக்குப் போகச் சொல்லுங்கள், பணத்தை அவருக்கே அனுப்புங்கள், மண்ணடிக்குக் கொடுக்காதீர்கள். வேறு பேரில் வருகிற ஜிபேக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வேலை விசாவுக்கே காசு கேட்டால் சந்தேகப்படுங்கள், அங்கே சட்டப்படி அது முதலாளி கட்ட வேண்டியது. துபாயில் மாட்டிக்கொண்டால் நம் தூதரக உதவி மையத்தின் இலவச எண் 800 46342, தமிழிலும் பேசுவார்கள் என்று தம்பி சொன்னான்.

படியேறிப் போகிற அந்த மாதிரி ஆபீஸில் இந்த மூன்று மாதத்துக்குள் நீட்டிப்புக்குப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே நம்பரைச் சரிபாருங்கள். போலி என்று வந்தால் உங்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய பிடிஎஃப், வாட்ஸ்அப் பேச்சு, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாங்க. தனியாளாகப் போனால் அலைய விடுகிறார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.