எஃப்-1 விசாவும் அமெரிக்க வருமான வரியும்: ஒரு வரி மென்பொருளைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

நீலகிரி மலையில் கோத்தகிரியை அடுத்த எங்கள் ஹட்டியிலிருந்து (படுகர் சிற்றூர்) அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் கல்விக் கடன், விசா நேர்காணல், தங்குமிடம் என எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். அங்கே போனபின் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. 2018 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்குச் சென்று, அங்கேயே முனைவர் பட்டமும் முடித்து, 2024 இறுதியில் திரும்பிய நான், வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு வரி மென்பொருளை ஆண்டுதோறும் பயன்படுத்தி வந்தேன். அந்த அனுபவம் அடுத்துச் செல்வோருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அந்த மென்பொருளின் முதல் சிறப்பு, சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே நாட்டுக்குள் வந்த நாள், வெளியே சென்ற நாள் ஒவ்வொன்றையும் கேட்பதுதான். கடவுச்சீட்டு முத்திரைகளையும் ஐ-94 என்னும் அமெரிக்க வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டிய அந்தப் பக்கம் சலிப்பூட்டும். ஆனால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை, நாட்டில் தங்கிய நாட்களை எண்ணி ஒருவர் வரிக்குக் குடியிருப்பாளரா என்று முடிவு செய்யும் நாட்கணக்குச் சோதனையிலிருந்து விலக்குப் பெறுவதால், வரியைப் பொறுத்தவரை குடியிருப்பாளர் அல்லாதவராகவே கருதப்படுகிறார். டிசம்பர் கடைசியில் போய் இறங்கினாலும் அது ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். படிப்பையோ பல்கலைக்கழகத்தையோ மாற்றினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. எனக்கு 2018 முதல் 2022 வரை அந்த ஐந்து ஆண்டுகள்.

இந்த நிலையில் இருப்பவர் தாக்கல் செய்ய வேண்டியது, குடியிருப்பாளர் அல்லாதோருக்கான 1040-என்.ஆர். என்ற வருமான வரிப் படிவம். உடன் படித்த ஒருவர், விளம்பரத்தில் பார்த்த பொதுவான மென்பொருளில் உள்ளூர்வாசிகளுக்கான 1040 படிவத்தை நிரப்பி, தமக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையைப் பெற்றுவிட்டு, பிறகு திருத்தப் படிவம் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கட்டினார். பணம் கூடுதலாகக் கையில் வந்தால் படிவம் சரியென்று எண்ணிவிடக் கூடாது.

வருமானமே இல்லாத ஆண்டிலும், நாட்கணக்கிலிருந்து விலக்குப் பெறுவதைத் தெரிவிக்கும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். 2018-இல் எனக்குச் சம்பளம் கிடையாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, மென்பொருள் தயாரித்துத் தந்த அந்தப் படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டு, கோத்தகிரி அஞ்சலகத்திலிருந்து டெக்சாஸ் மாநில ஆஸ்டினில் உள்ள வரித்துறை முகவரிக்கு விரைவு அஞ்சலில் அனுப்பினேன். வருமானம் இல்லாதவர்களுக்குக் கடைசி நாள் ஜூன் 15. சம்பளம் பெற்றவர்களுக்கு ஏப்ரல் 15. எஃப்-2 விசாவில் உடன் வரும் கணவன், மனைவி, கைக்குழந்தை ஆகிய ஒவ்வொருவருக்கும் தனித்தனி 8843 வேண்டும்.

இந்திய மாணவர்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு நன்மையை அந்த மென்பொருள் கேட்காமலே எடுத்துக் கொடுத்தது. வருமானத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்டும் நிலையான கழிவு, குடியிருப்பாளர் அல்லாதோருக்குப் பொதுவாகக் கிடையாது. 1989-இல் கையெழுத்தான இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு, நம் மாணவர்களுக்கு அதை அனுமதிக்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கு அந்தத் தொகை 12,950 டாலர். பல்கலைக்கழக உதவியாளர் பணியில் 20,000 டாலர் பெற்றவருக்குக் கழிவுடன் கூட்டரசு வரி 705 டாலர்தான். எந்தக் கழிவும் இல்லாவிட்டால் ஏறத்தாழ 2,195 டாலர். ஒரு மாணவருக்கு அந்த வித்தியாசம் சில மாத மளிகைச் செலவு.

ஒரு கோடைக்காலத்தில் வெளி நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பணி செய்தபோது, வேலை தந்தவர் ஆண்டுக் கடைசியில் தரும் டபிள்யூ-2 என்ற சம்பளக் கணக்குத் தாளின் 4-ஆவது, 6-ஆவது கட்டங்களில் தொகை இருந்ததை மென்பொருள் சுட்டிக்காட்டியது. அவை ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும், 6.2 சதவீதமும் 1.45 சதவீதமுமாக, 10,000 டாலர் சம்பளத்தில் 765 டாலர் போய்விடும். விசா அனுமதிக்கும் வேலையைச் செய்யும் குடியிருப்பாளர் அல்லாத மாணவரிடம் இதைப் பிடிக்கக் கூடாது. முதலில் நிறுவனத்திடமே கேட்க வேண்டும். எனக்கு அங்கிருந்து பதில் வராததால் பணத்தைத் திரும்பக் கேட்கும் 843, 8316 ஆகிய படிவங்களை வரித்துறைக்கு அனுப்பினேன். பல மாதங்கள் கழித்தே காசோலை வந்தது. சம்பளச் சீட்டை முதல் மாதமே பார்த்துவிடுவது இதைவிட எவ்வளவோ மேல்.

செலவைப் பற்றிச் சொல்வதானால், கூட்டரசுப் படிவத்துக்கான கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றது. மாநிலப் படிவத்துக்கு நான் கட்டினேன். டெக்சாஸ், ஃபுளோரிடா போல மாநில வருமான வரி இல்லாத இடங்களில் அந்தச் செலவு வராது.

இந்த மென்பொருளிடம் எனக்குள்ள பெரிய குறை ஆறாம் ஆண்டில் தெரிந்தது. 2023-இல் ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்ததால் நான் வரிக்குக் குடியிருப்பாளராகிவிட்டேன். நாட்களைக் கேட்டுக்கொண்ட மென்பொருள், இனி வேறு மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. அந்த ஆண்டு முதல் இந்திய வங்கி வட்டி உட்பட உலகின் எந்த மூலையில் வரும் வருமானத்தையும் காட்ட வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. எங்கள் மலையில் பச்சைத் தேயிலைப் பணம் வரவாகும் அப்பாவின் கணக்கில் பிள்ளையின் பெயரையும் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ (இருவரில் யாரும் இயக்கலாம்) என்று கூட்டுக் கணக்காகச் சேர்த்து வைப்பது சாதாரண வழக்கம். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள இத்தகைய கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டின் ஏதேனும் ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால், பணம் அப்பாவுடையதே ஆனாலும், கூட்டுக் கணக்கின் முழு இருப்பையும் எஃப்பார் என்னும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையில் அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைய மதிப்பில் அது 8.3 லட்சம் ரூபாய் அளவுதான்; ஒரு நிரந்தர வைப்புத்தொகை இருந்தாலே எட்டிவிடும். அறிக்கைக்கு வரி ஏதும் இல்லை, தெரிவிக்காவிட்டால் அபராதம் கடுமையானது. ஏப்ரல் 15 தவறினாலும் அக்டோபர் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு என்பதால், ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் வீட்டாரிடம் பாஸ்புக் விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போதிய நேரம் இருக்கிறது.