"கடற்படை அதிகாரி விட்டுப்போன" லீக் அம்பிளிபயர்: திருகோணமலையில் வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

திருகோணமலை நகரில் பழைய பொருட்கள் விற்கும் ஒரு கடையில் நான் வாங்கிய வால்வு அம்பிளிபயர் (டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழாய்களால் சத்தத்தைப் பெருக்கும் செட்) பற்றிய பதிவு இது. விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போயிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அதே கடையில், அதே கதையோடு, வேறு ஒரு சோடி அம்பிளிபயர் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

கடைக்காரர் காட்டியது லீக் ஸ்டீரியோ 20. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஹரோல்ட் லீக் என்பவர் 1934இல் லண்டனில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. 1940களில் 0.1 வீதம் மட்டுமே ஒலித்திரிபு என்று சொல்லி 'பொயின்ட் வன்' என்ற பெயரில் அம்பிளிபயர் விற்றவர்கள் இவர்கள்தான். 1969இல் நிறுவனம் ராங்க் குழுமத்தின் கைக்குப் போனது. ஸ்டீரியோ 20இல் நான்கு ஈ.எல்.84, மூன்று ஈ.சி.சி.83, ஒரு ஜி.இசட்.34 என எட்டு வால்வுகள். இடம், வலம் என ஒரு பக்கத்துக்கு 10 வாட் அளவுதான் வரும், ஆனால் குரலைக் கொண்டுவரும் விதத்தில் இன்றைக்கும் பல செட்டுகள் இதன் கிட்ட நிற்க முடியாது. என் அப்பா கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியவர். வால்வு செட்டின் சூடும் அந்தச் சத்தமும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நல்ல லீக் ஒன்று எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது என்றதும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தேவையில்லை.

பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை 1957இல் இலங்கையிடம் கையளித்ததை வைத்துக் கடைக்காரர் சொன்ன கதை இது. "தம்பி, இது டொக்யார்ட்டில இருந்த வெள்ளைக்கார அதிகாரியின்ட சாமான். 57இல பேஸைக் கையளிச்சிட்டுப் போகேக்க சமையல்காரருக்குக் குடுத்திட்டுப் போனவர். அந்தக் குடும்பம் இவ்வளவு காலமும் ஓர்ஸ்ஹில் வீட்டில மூடி வைச்சிருந்தது. ஒருத்தரும் கழட்டேல்ல. வால்வு எல்லாம் அந்த நாளையில வந்த முல்லார்ட்." ஓர்ஸ்ஹில் இங்கே நகரில் உள்ள ஒரு பகுதி, முல்லார்ட் பேர்பெற்ற ஆங்கிலேய வால்வு நிறுவனம். இதோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தையும் காட்டினார். 1957 செப்டெம்பர் திகதி, நங்கூர முத்திரை, மங்கிய ஒரு கையெழுத்து. அடித்தகட்டின் திருகாணிகள் மேல் சிவப்பு அரக்கு. "இதை உடைச்சா மதிப்புப் போயிடும், அப்படியே வைச்சிருங்கோ" என்றார். கடையிலேயே போட்டுக் காட்டினார், நன்றாகத்தான் பாடியது. நான்கு இலட்சம் ரூபாவுக்குப் பேச்சு முடிந்தது.

அந்த அரக்குதான் முழு வியாபாரத்தின் பூட்டு. லீக் தொழிற்சாலை அடித்தகட்டுக்கு அரக்கு வைத்து அனுப்பவில்லை. வால்வு செட் என்பது காலத்துக்குக் காலம் திறந்து திருத்த வேண்டிய சாமான். திறக்காமல் அறுபது வருடம் கிடந்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரொலிட்டிக் கப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும், அப்படியே மின்சாரம் கொடுத்தால் வெடிக்கவும் கூடும். 'ஒருத்தரும் கழட்டவில்லை, ஆனால் அருமையாகப் பாடுகிறது' என்று யாராவது சொன்னால் அந்த இரண்டில் ஒன்று பொய்.

வீட்டில் சில நாள் கேட்டபோது ஒரு பக்கம் சத்தம் மெலிந்து, கூடவே இரைச்சலும் வந்தது. பாலையூற்றில் இருக்கும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்தே திருத்துகிறவர். பெட்டியைப் பார்த்தவுடனேயே, "இது எத்தனையாம் ஆண்டுச் சாமான் எண்டு சொன்னவர்?" என்று கேட்டார். 57 என்றேன். "ஸ்டீரியோ ரெக்கோர்ட் இங்கிலாந்தில கடைக்கு வந்ததே 58இல. லீக்கின்ட ஸ்டீரியோ 20யும் 58இலதான். பேஸைக் கையளிச்சது 57 ஒக்டோபர். வராத சாமானை எப்பிடித் தம்பி விட்டிட்டுப் போறது?"

கதை அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. மற்றதெல்லாம் பெட்டிக்குள் இருந்தது.

அரக்கைச் சுரண்டித் திருகாணிகளைக் கழற்றினோம். எல்லாம் மெட்ரிக் எம்3, அதாவது 3 மில்லிமீட்டர் ஆணிகள். அந்தக் காலத்து ஆங்கிலேயச் சாமான்களில் பி.ஏ. என்ற பழைய பிரித்தானிய அளவு ஆணிதான் இருக்கும். பிரித்தானியா மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியதே 1965இல். ஓரிரண்டு ஆணி தொலைந்து மாற்றியிருந்தால் அது பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கே துளைகளுக்கே புதிதாக மரை போட்டிருந்தார்கள்.

உள்ளே லீக்கின் வேலை எதுவும் மிச்சமில்லை. ஸ்டீரியோ 20க்குள் வரிசையாகத் தகரக் காதுகள் வைத்த பலகை ஒன்று இருக்கும். ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் அதில் கையால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த வேலையின் நேர்த்தியைப் பார்ப்பதற்காகவே சிலர் அடித்தகட்டைத் திறப்பார்கள். இதில் அந்தப் பலகையைப் பிடுங்கிவிட்டுப் பச்சை நிறப் பிரின்டட் சர்க்கிட் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். கப்பாசிட்டர்களில் அவை தாங்கும் சூடு 105 பாகை என்று அச்சிட்டிருந்தது, எல்லாம் இந்தக் காலத்துச் சாமான். உள்ளே மெயின் மின்சாரம் கொண்டுபோன வயர்கள் மண்ணிறமும் நீலமும். ஆங்கிலேயச் சாமான்களின் மின்வயர் சிவப்பு, கறுப்பு நிறங்களிலிருந்து இந்த நிறங்களுக்கு மாறியது 1970 வாக்கில். வெளியே வரும் வயரை யாரும் எப்போதும் மாற்றியிருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

வால்வுகளின் கதை இன்னும் மோசம். நான்கு ஈ.எல்.84இலும் முல்லார்ட் என்று பளிச்சென்று அச்சு. அச்சு தேய்ந்தால் போலி என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. உண்மையான பழைய முல்லார்டின் எழுத்தும் கை பட்டாலே போய்விடும். நம்ப வேண்டியது கண்ணாடியின் கீழ்ப்பக்கம் மங்கலாகப் பொறித்திருக்கும் இரண்டு வரிக் குறியீட்டை. மேல் வரி வால்வின் வகையைச் சொல்லும். கீழ் வரியில் முதலில் தொழிற்சாலை எழுத்து, இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் தொழிற்சாலை என்றால் ஆங்கில 'B'. அதன் பின் ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, வாரத்துக்கு ஓர் இலக்கம். என் வால்வுகளில் அந்தக் குறியீடு ஒன்றிலும் இல்லை. ஐயா ஒரு வால்வை எடுத்து வாயால் ஊதினார். ஆவி படிந்த கண்ணாடியில், துடைத்தழித்த பழைய எழுத்தின் தடம் தெரிந்தது: ரஷ்ய எழுத்தில் 6П14П. ஈ.எல்.84க்குப் பதிலாகப் போடக்கூடிய சோவியத் வால்வு. நல்ல வால்வுதான், பலர் விரும்பிப் போடுகிறார்கள். அதன் சொந்தப் பெயரில் சொந்த விலைக்கு விற்றால் யாருக்கும் குறை இல்லை. முல்லார்ட் பெயரில் இன்றைக்கு ரஷ்யாவில் புதிதாகச் செய்த வால்வுகளும் வருகின்றன, அதையும் நினைவில் வைத்திருங்கள்.

என்னை அதிகம் வேதனைப்படுத்தியது டிரான்ஸ்போமர். இப்படிப்பட்ட செட்டின் பெறுமதியில் பெரும்பங்கு, வால்விலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் அவுட்புட் டிரான்ஸ்போமரில்தான் இருக்கிறது. வால்வை மாற்றலாம், கப்பாசிட்டரை மாற்றலாம், லீக் சுற்றிய டிரான்ஸ்போமர் திரும்பக் கிடைக்காது. ஒரு பக்கத்தின் டிரான்ஸ்போமரைப் புதிதாகச் சுற்றி, மஞ்சள் பொலியஸ்டர் டேப் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். மீட்டர் வைத்து இரண்டு பக்கத்து டிரான்ஸ்போமர்களின் முதற்சுற்றுக் கம்பியின் மின்தடையையும் அளந்தால் ஒன்றுக்கொன்று கிட்டவும் இல்லை. ஒரு பக்கம் மெலிந்ததற்குக் காரணம் அதுதான் என்றார் ஐயா.

பெயின்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கடற்காற்று எதை விட்டுவைத்தது? ஓர்ஸ்ஹில்லில் அறுபது வருடம் இருந்த இரும்புச் சட்டகத்தில், சொக்கெட்டுகளைச் சுற்றியும் ஓரங்களிலும் துரு ஏறாமல் இருக்காது. இதில் ஒரு புள்ளி துரு இல்லை. ஆணித் துளைகளின் உள்விளிம்பிலும் புதுப் பெயின்ட் இறங்கியிருந்தது.

கடிதத்தை, கச்சேரியில் (மாவட்ட அரச செயலகத்தில்) பழைய கோப்புகளோடு வேலை செய்யும் என் நண்பன் பார்த்தான். படிக்கவே இல்லை, கையில் எடுத்து அளந்தான். சரியாக ஏ4 தாள். அந்தக் காலத்து அலுவலகத் தாள் இங்கே ஃபூல்ஸ்கேப், அகலம் 8 அங்குலம், நீளம் 13. ஏ4 எங்கள் அலுவலகங்களுக்கு வந்தது எவ்வளவோ பிந்தி. மஞ்சள் நிறம் தேத்தண்ணியில் நனைத்து வந்தது என்பது ஓரக் கறையிலேயே தெரிந்தது.

பணத்தை விட எனக்குக் கோபம் இன்னொன்றில். உருகிக்கு, அதாவது ஃபியூசுக்குப் பதிலாக ஒரு செப்புக் கம்பியைப் போட்டிருந்தார்கள். எர்த் வயரை வெட்டி விட்டிருந்தார்கள், இரைச்சலைக் குறைக்க என்று நினைக்கிறேன். இந்தப் பெட்டிக்குள் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம். ஒரு இன்சுலேஷன் போனால் முழு இரும்புச் சட்டகமும் உயிர் குடிக்கும். என் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழமையைப் பற்றிப் பொய் சொன்னதை ஒரு பக்கம் வைத்தாலும், இதை எப்படி மன்னிப்பது?

கடைக்காரரிடம் கேட்டபோது கதை மாறியது. அதிகாரி 59இல் திரும்பி வந்தபோது கொண்டுவந்தாராம். பிறகு அது கொழும்பில் இருந்து வந்த சாமானாம். கடைசியில், "பழைய சாமானுக்குப் பொறுப்பில்லை" என்றார். பற்றுச்சீட்டில் 'பழைய அம்பிளிபயர் 1' என்று மட்டும் எழுதியிருந்தது இப்போது அவருக்குத்தான் உதவுகிறது. ஆகவே வாங்குகிறவர்கள் மொடலின் பெயர், எல்லாம் அசல் என்ற வாக்குறுதி, யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். உண்மையாகவே ஒரு குடும்பத்தில் இருந்த சாமான் என்றால் அந்த வீட்டுப் படம் ஒன்றிலாவது அது தெரியும், வாங்கிய கடையின் பில் இருக்கும், அல்லது அந்தக் குடும்பத்தில் ஒருவரை நேரில் பார்க்க முடியும். எனக்கு அந்தக் குடும்பத்தைக் கடைசி வரை காட்டவில்லை.

இப்போது அங்கே இருப்பது குவாட் 2 என்ற இன்னொரு ஆங்கிலேய வால்வு அம்பிளிபயர், ஒரு சோடி. அதே அதிகாரி, அதே சமையல்காரர், அதே அரக்கு. குவாட் 2 வந்தது 1953இல், அதனால் இந்த முறை ஆண்டை வைத்துப் பொய்யைப் பிடிக்க முடியாது. அது ஒரு பெட்டி ஒரு பக்கத்துக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு கே.டி.66, இரண்டு ஈ.எஃப்.86, ஒரு ஜி.இசட்.32 இருக்க வேண்டும். அந்தக் காலத்து அசல் கே.டி.66க்கு மட்டும் தனி விலை உண்டு, ஆகவே முதலில் மாற்றப்படுவதும் அதுதான். அடிப்பக்கத்தைத் திறந்து காட்டாமல் ஒரு ரூபா முற்பணமும் கொடுக்க வேண்டாம். பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே எனக்குச் செய்தி அனுப்புங்கள். கூட வருவதற்கு ஐயா சம்மதித்திருக்கிறார், மீட்டரையும் திருப்புளியையும் நான் கொண்டு வருகிறேன்.