மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் திருச்சியில் எனக்கு நடந்தது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை; ஏன் இல்லை என்பதுதான் கதையே.

என்னுடையது திங்க்பேட் டி430. 2012-இல் வந்த மாடல், நான் வாங்கியதே பழையதாகத்தான். அம்மிக்கல் மாதிரி கனக்கும். ஆனால் தட்டச்சு செய்ய அந்தக் கீபோர்டுக்கு ஈடு கிடையாது. ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினால் இரண்டு முறை 'பீப்' என்றது. கருப்புத் திரையில் 0271 என்று ஓர் எண்; பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் சரிபார்க்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கு மேல் நகரவில்லை. எதையெதையோ அமுக்கி ஒருவழியாக உள்ளே போனால் தேதி பல வருடம் பின்னால் நின்றது. பாதி இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுத்தன. மறுநாளும் அதே கூத்து.

கடைக்காரர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. போட்டுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மதர்போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை, போயிருக்கிறது சார். சிப் லெவல் வேலை, போர்டில் இருக்கும் சில்லுகளையே சரிபார்க்க வேண்டும். புது போர்டு போட்டால் பன்னிரண்டாயிரம் ஆகும். உங்களுக்காக 4,800-இல் முடித்துத் தருகிறேன்." முன்பின் தெரியாதவர் 'உங்களுக்காக' என்றபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் எடுத்துவந்தேன். ஒழுங்காகத் திறந்தது. துண்டுச்சீட்டில் 'சர்வீஸ் 4,800' என்று கிறுக்கிக் கொடுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் கணினிக்கு மூச்சு வாங்கியது. நான்கு பக்கங்களைச் சேர்த்துத் திறந்தால் உறைந்து நின்றது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா மகன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரிப் பகுதியைப் பார்த்துவிட்டு, "மாமா, எட்டு ஜிபி என்றுதானே சொன்னீர்கள்? இங்கே நான்குதான் இருக்கிறது. ராம் என்கிற மெமரி அட்டையைச் செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி" என்றான்.

கீபோர்டைக் கழற்றினோம். சிப் லெவல் வேலை என்றால் போர்டையே வெளியே எடுத்திருக்க வேண்டும், விசிறியைக் கழற்றியிருக்க வேண்டும். விசிறி இடுக்கில் தூசி பஞ்சு மெத்தையாகக் கலையாமல் கிடந்தது. உள்ளே புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று: சிவப்பும் கருப்புமாக இரண்டு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்த, காசு அளவு பேட்டரி. சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்தால் கணினிக்குத் தேதி மறந்துபோகும். உடனே 0271 என்று முறையிடும். நூறு, இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம். நோயைத் திரையே எழுதிக் காட்டியிருக்கிறது. படித்தும் எனக்குத்தான் உறைக்கவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்கள் கொடுக்கும்போதே ஒரு ராம்தான் இருந்தது சார்" என்றார், குரல்கூட உயரவில்லை. பழுதான பாகம் எங்கே என்றதற்குக் குப்பையில் போட்டாயிற்றாம். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசீது இருக்கிறதா என்றார்கள். துண்டுச்சீட்டை விரித்துப் பார்த்தேன். கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

ஆகவே, கொடுப்பதற்கு முன் திரையில் வரும் எண்ணை அப்படியே தேடிப் பாருங்கள். ராம், ஹார்ட் டிஸ்க் இரண்டின் ஸ்டிக்கரையும் எண் தெரியப் படம் எடுங்கள். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள்; முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் வேறொரு கடையில் பழைய டிடிஆர்3 வகை நான்கு ஜிபி ராம் ஒன்று 600 ரூபாய்க்குக் கிடைத்தது. ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னுடையதாகவே இருந்தாலும் இருக்கலாம். எண்ணை நான் எங்கே குறித்து வைத்தேன்?